சீட்டி நின்ன இடம்

சீட்டி நின்னுச்சு. குத்துச்செடி வேலிகிட்ட வந்ததும் நின்னுச்சு, ஒரு வாய் முழுங்குற நேரம், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி விட்ட எடத்துலேருந்து மறுபடியும் ஆரம்பிச்சுது. எனக்குக் காது மந்தம்னு இந்த வீட்டுல எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க. நெனச்சுக்கட்டும், அதுவும் நல்லதுதான், மந்தம்னு நெனச்சாத்தான் நாலு பேச்சு காதுல விழும். நேத்தும் இதே வேலிகிட்டதான் நின்னுச்சு, நேத்துதான் கவனிச்சேன். முந்தாநாள் நின்னுச்சான்னு ஞாபகம் இல்ல, முந்தாநாள் பக்கத்துத் தோட்டத்து பெவர்லி அம்மா வந்து உக்காந்துக்கிட்டு அவங்க மருமக புராணம் பாடிக்கிட்டிருந்தாங்க, அவங்க இருக்கும்போது இடி விழுந்தாலும் கேக்காது. எங்க வர்ஜீனியாவுல பெரிய வீடு எதுலயும் சமையக்கட்டு உள்ள கெடையாது, தீப்புடிச்சா வீடு தப்பிக்கட்டும்னு தனியாக் கட்டிருப்பாங்க. அங்கேருந்து சாப்பாட்டு அறைக்கு ஒரு செங்கல் பாதை, பாதி வழியில ரெண்டு பக்கமும் இடுப்பளவு வேலி. தட்டோட வர்றவங்க அந்தப் பாதை நெடுகச் சீட்டி அடிச்சுக்கிட்டே வரணும். எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம் அது. வாய் சீட்டி அடிக்கும்போது மெல்ல முடியாதில்ல. நாட்டுக்கே சட்டம் எழுதின மனுஷன், பிலடெல்ஃபியாவுல மாசக்கணக்குல உக்காந்து, படைப்புல மனுஷன் எல்லாரும் சமம்னு எழுதின கூட்டத்துல ஒருத்தர், ஊருக்கு வந்தா கோழிக்கறிக்கும் ஒரு சட்டம் எழுதாம இருப்பாரா. விருந்தாளிங்க வந்தா சீட்டிச் சத்தம் கேக்கறப்ப கண்ணடிப்பாரு, 'நம்ம கோழி முழுசா வருது'ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சேன், சிரிக்காம என்ன, கோழி முழுசாத்தானே வந்துச்சு. அப்பெல்லாம் சீட்டி நின்னா ஒரு துண்டு கறி போச்சுன்னு அர்த்தம். இப்ப நின்னா என்ன அர்த்தம்? தட்டுலேருந்து போனது இல்ல இப்ப பயம். தட்டுக்குள்ள வந்தது.

டார்கஸ் வந்து கிண்ணத்த முன்னாடி வச்சா. கோழி சூப்பு. ஆவி வருது, மேல எண்ணெய் வட்டம் வட்டமா மெதக்குது, பச்சையா ஏதோ தூவிருக்கு. என்ன பச்சைன்னு கேட்டா கொத்துமல்லிம்பா. ஸ்பூனத் துடைச்சு வச்சுட்டு, வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்னுக்கிட்டா, கையைக் கட்டிக்கிட்டு, நான் எடுத்துக் குடிக்கறேனா இல்லையான்னு பாக்காத மாதிரிப் பாத்துக்கிட்டு. ஆறட்டும்டின்னு சொன்னேன். சரிம்மான்னா. முன்னெல்லாம், ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காதும்மான்னு சொல்வா. இப்ப எல்லாத்துக்கும் சரிம்மா. ஏங்க, கேக்குதா, நீங்க செஞ்சு வச்சுட்டுப் போன வேலையப் பாத்தீங்களா. செத்துப்போன மனுஷன்கிட்டதான் பேசறேன், வேற யாருகிட்ட பேசறது. உயில் எழுதினாரு. என் அடிமை ஜனங்க அத்தனை பேருக்கும் விடுதலைன்னு எழுதினாரு. நல்ல காரியம்தான், ஊர்ப் பாதிரியாரு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டாரு. ஆனா எப்ப விடுதலை? உடனே இல்ல. என் மனைவி இருக்கற வரைக்கும் அவளுக்கு உழைக்கணும், அவ கண்ணை மூடின அன்னிக்கு எல்லாரும் சுதந்திரம். எம்மேல அக்கறையாம். நான் ஒத்தையா நின்னு கஷ்டப்படக் கூடாதாம். இதே சாப்பாட்டு அறையிலதான் வக்கீல் நின்னு படிச்சாரு, வாசப்படி வரைக்கும் நம்ம ஜனங்க நின்னு கேட்டாங்க. படிச்சு முடிச்சதும் எல்லாத் தலையும் ஒண்ணாத் திரும்புச்சு, எம்பக்கம். அதுவரைக்கும் என்னை அப்படி யாரும் பாத்ததில்ல, கல்யாணத்தன்னிக்குக்கூட. நீங்க மாத்திரம் அப்ப உயிரோட இருந்திருந்தா உங்களுக்கே புரிஞ்சிருக்கும், வீடு நெறைய ஜனத்துக்கு நடுவுல ஒரு கெழவியக் கதவு மாதிரி நிறுத்தி வச்சு, இந்தக் கதவு விழுந்தாத்தான் வெளிய போகலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க.

அன்னிலேருந்து நான் இருமினாச் சமையக்கட்டுல கரண்டிச் சத்தம் நிக்குது. சத்தியமா நிக்குது. தும்மினா நிக்கறதில்ல, இருமினாத்தான். போன பனிக்காலத்துல நெஞ்சுல சளி கட்டிப் படுத்துட்டேன், காலையில எழுந்து தலை சீவிக்கிட்டு மாடிப்படி எறங்கி வர்றேன், கூடத்துல பெருக்கிக்கிட்டிருந்தவ என்னைப் பாத்துட்டு, எழுந்துட்டீங்களாம்மான்னு கேட்டா. கேட்டதுல தப்பில்ல. அந்தக் குரல்தான். அடுப்புல வச்ச பால் பொங்காம அணைஞ்சுபோச்சுன்னா வருமே, அப்படி ஒரு குரல். எல்லாரும் என் ஒடம்பைத்தான் விசாரிக்கறாங்க. நல்லாருக்கேன்னு சொன்னா மொகம் தொங்குது, நல்லால்லன்னு சொன்னா மொகத்தத் திருப்பிக்கறாங்க. தச்சுவேலை பாக்கற ஐசக்கு, டார்கஸ் புருஷன், போன வாரம் என் படுக்கை அறை ஜன்னலுக்குச் சட்டம் மாத்தறேன்னு கயித்த வச்சு அளந்தான். அளந்துட்டுத் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தான், தலையிலேருந்து கால் வரைக்கும். ஜன்னலுக்கு எதுக்குப்பா என்னை அளக்கறன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பெவர்லி அம்மாதான் இதையெல்லாம் கிளப்பிவிட்டது. நீ செத்தாத்தான் விடியும்னு காத்துக்கிட்டிருக்கற வீட்டுல உனக்கு எப்படிம்மா தூக்கம் வருதுன்னு கேட்டாங்க, கேட்டுட்டு என் டீயை மோந்து பாத்துட்டு, குடிக்காமலே எழுந்து போனாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் தூங்கிக்கிட்டிருந்தேன். அவங்க மட்டும் என்ன, அவங்க மாமியார் செத்த கதை இந்த வட்டாரத்துக்கே தெரியும், வேணாம், அது பெரிய கதை.

எலிப் பாஷாணம் என் இடுப்புச் சாவியிலதான் இருக்கு. சர்க்கரை, டீ, பாஷாணம் மூணுக்கும் பூட்டு. பூட்டி என்ன, ஊமத்தைக்கு யாரு பூட்டுப் போட்டா? தொழுவத்துக்குப் பின்னாடி வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. எங்க பாட்டி சொல்வாங்க, அவங்க அம்மா காலத்துல சிப்பாய்ங்க கீரைன்னு நெனச்சு அதைப் பறிச்சு வேகவச்சுத் தின்னுட்டு, துணியில்லாம மூலையில உக்காந்து குரங்கு மாதிரிப் பல்லைக் காட்டினாங்களாம், தெளிஞ்சப்புறம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்லையாம். சூப்புல பச்சையா மெதக்குதே. கொத்துமல்லிக்கு இவ்வளவு அகலம் உண்டா? எங்க அத்தை ஒருத்தங்க, ஆத்தங்கரைத் தோட்டத்து அத்தை, ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவங்க காலையில நீலமாக் கெடந்தாங்க. சமையக்காரிதான்னு முடிவு பண்ணிட்டாங்க, அவ பேரு எனக்கு வரமாட்டேங்குது, பெரிய கை, எனக்கு இஞ்சி ரொட்டி குடுப்பா. மூணு பெரிய மனுஷங்க உக்காந்து விசாரிச்சாங்க, விசாரிக்க என்ன இருக்கு, அவளைத் தூக்குல போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அத்தையோட அன்னிக்கு விருந்துல சிப்பி தின்ன ஒரு பாதிரியாரும் செத்துட்டாரு, அவரு அடுத்த ஊருல போய்ச் செத்ததுனால சேதி வர நாளாயிடுச்சு. சிப்பி கெட்டுப்போயிருக்கு. சரிதான், பாவம்னு அப்பா சொன்னாரு, சொல்லிட்டு வேற சமையக்காரிய அனுப்பினாரு. அதனால நான் அவசரப்பட்டு யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அவசரப்படாமலே செத்துப்போறதும் இருக்குல்ல? எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பயமே கெடையாது. காலையில முகம் மழிக்க உக்காந்தா அப்பத்தான் பேச்சு ஒத்திகை. நம்ம ஆளு ஒருத்தன் கத்திய அவரு தொண்டையில வச்சிருப்பான், இவரு கண்ணாடியப் பாத்துக்கிட்டு, சுதந்திரம் இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையான்னு கேப்பாரு. கத்தி அப்படியே நிக்கும், சுதந்திரம்ங்கற வார்த்தை போய் முடியற வரைக்கும், அப்புறம் மெதுவா எறங்கும். வெளிய நின்னு நான் பாப்பேன். தைரியசாலியா அவரு, இல்ல அவனை ஒரு ஆளாவே நெனைக்கலையா, இதை அவருகிட்ட கேட்டிருக்கணும்.

டார்கஸ் தலையத் திருப்பி வெளிய பாத்தா. பக்கவாட்டுல பாத்தா அந்த மூக்கு. யாரு சொல்லப்போறா, யாரும் சொன்னதில்ல, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும், எங்க அப்பா மூக்கு. எனக்கு அம்மா மூக்கு வந்துடுச்சு, சப்பை. சின்னப் பிள்ளையில நாங்க ரெண்டு பேரும் ஒரே பாய்ல புரண்டோம், என்னை லெட்டின்னு கூப்பிடுவா, ஒரு நாள் அம்மா அவ கன்னத்துல ஒரு அறை விட்டாங்க, மறுநாள்லேருந்து நான் மிஸ் லெட்டிஷியா. படம் எழுதறவரு ஒருத்தரு ஊர் ஊரா வருவாரு, அப்பா எங்களை உக்கார வச்சுப் படம் எழுதச் சொன்னாரு, டார்கஸ் பின்னாடி விசிறியோட நின்னா. ரெண்டு நாள் எழுதினப்புறம் அந்தாளு அப்பா மொகத்தையும் அவ மொகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, ஐயா, பின்னாடி இருக்கறதுக்கு வெளிச்சம் பத்தலைன்னாரு. அப்பா, அப்ப இருட்டாவே விட்டுடுன்னாரு. அந்தப் படம் இதோ எதிருக்க மாட்டிருக்கு. அப்பா, அம்மா, நான், எனக்குப் பின்னாடி ஒரு விசிறி, விசிறியப் புடிச்ச விரல் நாலு. அவ்வளவுதான் டார்கஸ். தெனமும் அதுக்குக் கீழ நின்னுதான் எனக்குப் பரிமாறுறா. அப்பா நாய்ங்களக் கூப்பிட ஒரு சீட்டி அடிப்பாரு பாருங்க, ஆத்துக்கு அக்கரையில கேக்கும், ஏறிப்போய்க் கடைசியில ஒரு சுழி. அதே சுழி இவகிட்ட இருக்கு. எனக்குச் சீட்டி அடிக்க வராது, பெரிய வீட்டுப் பொண்ணு சீட்டி அடிக்கக் கூடாது. அப்பா எனக்கு நிலம் எழுதிவச்சாரு, வெள்ளிப் பாத்திரம் எழுதிவச்சாரு, இவளையும் சேத்துத்தான் எழுதிவச்சாரு, நான் இருக்கற வரைக்கும் எனக்கு, அப்புறம் என் பேரப்பிள்ளைக்குன்னு. அதெல்லாம் காகிதத்துல. கல்யாணமாகி இங்க வந்தப்புறம் எங்க வீட்டுக்காரர் வழியா வந்த ஆளு எது, என் வழியா வந்த ஆளு எதுன்னு யாரு பிரிச்சுப் பாத்தா, எல்லாம் ஒண்ணாத்தான் வேலை, ஒண்ணாத்தான் கல்யாணம். என் டார்கஸ் அவரோட ஐசக்கைக் கட்டிக்கிட்டா. நான்தான் என் பழைய கவுன் குடுத்தேன் கல்யாணத்துக்கு. அந்தக் கவுனைப் போட்டுக்கிட்டவ இன்னிக்கு வேலிகிட்ட நின்னு என்ன பண்ணினா?

சூப்பு ஆறிப்போச்சு. எண்ணெய் வட்டமெல்லாம் ஒண்ணு சேந்து ஒரு ஆடையாயிடுச்சு. கேட்டுடலாமா? கேட்டா, நான் சந்தேகப்படறேன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா இன்னும் சாமர்த்தியமாச் செய்வாங்க. கேக்காம விட்டா இன்னிக்கே முடிஞ்சாலும் முடிஞ்சுடும். தொண்டையில கிச்சுகிச்சுன்னு வருது, இருமக் கூடாது, இருமினா அந்தப் பக்கம் கரண்டி நின்னுடும். ஸ்பூனைக் கையில எடுத்தேன், கீழ வச்சேன். டார்கஸ் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. கடைசியில என் வாய்தானே, எது நிக்கச் சொன்னாலும் நிக்காதே, கேட்டுடுச்சு.

"வேலிகிட்ட சீட்டி ஏன்டி நின்னுச்சு?"

"நின்னுச்சாம்மா?"

"நேத்தும் நின்னுச்சு."

அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு யாருகிட்டயோ சொல்ற மாதிரி ஜன்னலப் பாத்துச் சொன்னா. அப்புறம், நான் எதிர்பாக்காத மாதிரி, மொகத்தத் திருப்பி நேரா என் கண்ணைப் பாத்தா.

"ருசி பாத்தேன்மா."

அட திருட்டுக் கழுதை, அவ்வளவுதானா. நெஞ்சுலேருந்து ஒரு கல்லு எறங்குச்சு, சிரிப்பே வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் சட்டம் போட்டும் இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு வாய் சூப்புத் திருட்டு. எறங்கின கல்லு பாதியில நின்னுச்சு. ருசி பாத்தவ, ருசி பாத்தேன்னு சொல்வாளா? இந்த வீட்டுல இதுக்கு முதுகுத் தோல் உரிஞ்சிருக்கு, என் கண்ணால பாத்திருக்கேன். இதை ஒத்துக்கறான்னா இதைவிடப் பெருசா எதையோ மறைக்கறா. பசியாடின்னு கேட்டேன். பசி இல்லம்மான்னா. ஏதாவது கலந்திருக்கான்னுதான்மா, ஒரு வாய் குடிச்சுட்டு வாசப்படி ஏறுற வரைக்கும் என் வயித்தப் பாத்துக்குவேன், ஒண்ணும் பண்ணலைன்னா உள்ள கொண்டு வருவேன், ஏதாவது பண்ணினாக் கால் தடுக்கி விழுந்த மாதிரித் தட்டைக் கீழ போட்டுடலாம்னு இருந்தேன்னா. சமையக்கட்டுல நடக்கறதைச் சொல்ற மாதிரிச் சொன்னா, உப்புப் போட்டேன், கொதிச்சுது, இறக்கினேன்னு. எத்தனை நாளான்னு கேட்டேன். உயில் படிச்ச அன்னிலேருந்துன்னா. யாரு மேலடி சந்தேகம், ஜூனோ மேலயா, அவதானே சமைக்கறான்னு கேட்டேன். எல்லாரும் ஒரே பானையில சாப்பிடறோம், யாரைம்மா சொல்லன்னா. சொல்லிட்டுக் கொஞ்சம் விட்டு, ஐசக்கு நல்லவன்தான்மான்னா. நான் ஐசக்கைப் பத்திக் கேக்கவே இல்லையே.

எனக்கு அழுகை வந்துடுச்சு. யாரு என்ன சொன்னாலும் ரத்தம் ரத்தம்தான்னு நெனச்சேன். இத்தனை நாளா எந்த உசிரை நான் சந்தேகப்பட்டேனோ, அதே உசிரு எனக்கு முன்னாடி விஷத்தக் குடிச்சுப் பாத்துக்கிட்டு நின்னிருக்கு, அந்த வேலிகிட்ட, தனியா. அந்த நாலு விரலையும் புடிச்சுக்கணும்போல இருந்துச்சு. படத்துல இருக்கற விரல் இல்ல, நெசமான விரல்.

"எம்மேல அவ்வளவு பிரியமாடி உனக்கு?"

டார்கஸ் கேள்வி புரியாதவ மாதிரிப் பாத்தா. அப்புறம் சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ற மாதிரி மெதுவாச் சொன்னா.

"நான் ஐயாவோட ஆளு இல்லம்மா, அவரு உயிலு எனக்குக் கெடையாது. உங்க ஆளு. நீங்க போயிட்டா ஐசக்கு சுதந்திரம். நான் மலை தாண்டிக் கென்டக்கி, உங்க பேரப்பிள்ளைகிட்ட." ஸ்பூனை எடுத்து மறுபடியும் துடைச்சு என் கை பக்கத்துல வச்சா. "நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்மா."

இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்கு யாரும் பண்ணினதில்ல, என் வயித்துல பொறந்ததுங்ககூடப் பண்ணல, ஆனா கேட்டதும்தான் உறைச்சுது. இவ என் ஆளுங்கறதையே மறந்துபோயிட்டேனே. என் கை எனக்குத்தான் சொந்தம்னு யாராவது தனியா ஞாபகம் வச்சுக்குவாங்களா, அப்படி மறந்துட்டேன். விட்டுடறேன்டின்னு சொல்ல முடியாது, அப்பா எழுத்து அப்படி, நான் அனுபவிக்கலாம், அவிழ்த்துவிட முடியாது, என் பேரன் லூயிஸ் பையனுக்குப் போய்ச் சேரணும், அவன் அங்க சணல் போட்டிருக்கான், ஆள் பத்தலைன்னு போன தடவைகூடச் சொன்னான், பாட்டி எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டுத்தான் சொன்னான். சூப்பை எடுத்துக் குடிச்சேன். குளுந்துபோச்சு, ஆனா குடிச்சேன், முழுசாக் குடிச்சேன், பச்சையும் கொத்துமல்லிதான். குடிக்கக் குடிக்க ஒரு யோசனை வந்துச்சு. அவரோட ஆளுங்களை இப்பவே விட்டுடலாமே. நான் சம்மதிச்சா வக்கீல் முன்கூட்டியே விட்டுடலாம்னு அன்னிக்கே சொன்னாரே. எல்லாரும் போகட்டும், ஜூனோ, ஐசக்கு, எல்லாரும். நான் செத்தாத்தான் விடியும்னு ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. பாதிரியாரு மறுபடியும் கண்ணுல தண்ணி வச்சுக்குவாரு, எவ்வளவு பெரிய மனசுன்னு ஊரு பேசும். டார்கஸ் இருப்பா. நான் மூச்சு விடற வரைக்கும் அவ எங்க போவா, அப்பாவோட சீட்டியக் கேட்டுக்கிட்டே நிம்மதியாக் காலத்த ஓட்டிடலாம். இரு, இரு. ஐசக்கு போயிட்டா? புருஷன் சுதந்திரமா எங்கயோ போயிட்டான்னா, இவளுக்கு இங்க என்ன, கென்டக்கி என்ன? அப்புறம் எதுக்கு நான் நூறு வருஷம் இருக்கணும்? எதுக்கு இவ வேலிகிட்ட நிக்கணும்? அவங்களை விட்டா இவ என்னை விட்டுடுவா. அவங்களை விடலைன்னா இவ தெனமும் எனக்காக முதல் வாய் குடிக்கணும், ஒரு நாள் கால் தடுக்கி விழற மாதிரி நடிக்காம நெசமாவே விழுவா, விழுந்தா அடுத்த நாள் யாரு தட்டு எடுத்துக்கிட்டு வர்றது? ஏங்க, அவ்வளவு பெரிய நாட்டுக்குச் சட்டம் எழுதினீங்களே, இதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா.

டார்கஸ் கிண்ணத்த எடுத்துக்கிட்டா. அடி வரைக்கும் காலியான்னு சாய்ச்சுப் பாத்தா, பாத்ததுல அவளுக்கு ஒரு திருப்தி. ராத்திரிக்கு என்ன செய்யச் சொல்லட்டும்மான்னு கேட்டா, எதுவா இருந்தா என்ன, நீதானே முதல்ல சாப்பிடப்போறேன்னு சொல்ல வந்து, ஏதாவது கஞ்சின்னு சொல்லி அனுப்பினேன். கதவு சாத்திக்கிச்சு. வெறும் பாத்திரம் எடுத்துக்கிட்டுப் போறவங்க சீட்டி அடிக்க வேண்டியதில்ல, சட்டம் வர்ற வழிக்குத்தான், போற வழிக்குக் கெடையாது. ஆனா அடிக்கறா. செங்கல் பாதையில போய்க்கிட்டே இருக்கு, ஏறிப்போய் அந்தச் சுழி, மறுபடியும் ஏறிப்போய், வேலிகிட்ட வந்துச்சு, நின்னுச்சு. வெறுங்கிண்ணம். அதுல ருசி பாக்க என்ன இருக்கு? எதுக்கு நிக்கறா? திரும்பி இந்த ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கறா, தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்கிட்டு, காது எம்பக்கம். தொண்டையில அந்தக் கிச்சுகிச்சு மேல ஏறி வந்துடுச்சு, கண்ணுல தண்ணி முட்டுது, கைக்குட்டைய வாயில வச்சு அழுத்திக்கிட்டேன். சமையக்கட்டுல கரண்டிச் சத்தம் இல்ல. ஐசக்கோட ரம்பச் சத்தமும் இல்ல. சீட்டி ஆரம்பிக்கட்டும், அப்புறம் இருமிக்கலாம்.